மூன்று நாற்பதுக்குப் பயப்படும் தண்ணீர்

தினமும் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அந்தத் தண்ணீர் பயந்தது. பதினோரு நிமிடம். அப்புறம் மெல்ல மெல்ல, நாலு மணி தாண்டி அடங்கும்.

வாசுகி இதை யாரிடமும் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. சொன்னால் வெயில் தலைக்கேறிவிட்டது என்பார்கள். கிருஷ்ணகிரியில் மே மாதத்தில் அப்படிச் சொல்வதற்கு நல்ல வசதி உண்டு. பதிவேட்டில் அவள் எழுதியது இவ்வளவுதான்: "15.40, அடையாளம் தெரியாத பீனால்கள். மூன்றாம் நாள்."

அது மாங்கூழ் ஆலை. நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றிலும் மாந்தோப்பு. கூழ் டப்பாவுக்குள் போகும், கொட்டை லாரியில் போகும், பழம் கழுவிய தண்ணீரும் ஆட்கள் கைகழுவிய தண்ணீரும் ஒரே வாய்க்காலில் விழுந்து பின்பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வாசுகியின் வேலை. மாந்தோலின் துவர்ப்பு, வெற்றிலையின் மணம், கிராம்பின் காரம், எல்லாம் பீனால் குடும்பத்துப் பங்காளிகள்தான். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஏரியில் அளவுக்கு மேல் கலந்தால் மீன் செத்து மிதக்கும், மேலிடத்திலிருந்து நோட்டீஸ் வரும். ஆலைக்கு மீனைவிட நோட்டீஸைப் பற்றித்தான் கவலை.

இரண்டு வருடத்துக்கு முன்பு நோட்டீஸ் வந்தபோது இரண்டு புதுச் சரக்குகள் வந்து இறங்கின. ஒன்று, தண்ணீரை மோப்பம் பிடிக்கும் இயந்திரம். சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு உறிஞ்சும். அதில் கலந்திருப்பதை ஒவ்வொன்றாகப் பிரிக்கும், பிரித்ததை எடை போடும், எடையை வைத்துப் பெயர் சொல்லும். திரையில் ஒவ்வொரு பொருளும் ஒரு கூம்பாக எழும். அதை ஆய்வகத்தில் பீக் என்பார்கள். மூக்கு அவ்வளவு கூர்மை. மாம்பழத்தின் பீக்குகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சமிருந்தவை மனிதர்களுடையவை. கை கழுவிய தண்ணீரில் வியர்வை, வியர்வையில் காலையில் தின்ற ராகிக் களி, குடித்த காபி, போட்ட வெற்றிலை. ஆளுக்கு ஒரு அச்சு, கைரேகை மாதிரி. ஷிஃப்டில் அறுபத்துநான்கு பேர், அறுபத்துநான்கு அச்சு. வாசுகி விளையாட்டாக எண் கொடுத்து வைத்தாள். நிர்வாகம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் வந்தார், யார் இடையில் நழுவினார் என்று பார்க்க அதையே ஒரு வருகைப் பதிவேடாக்கிவிட்டார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

இரண்டாவது சரக்கு, தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்னத் தொட்டியில் ஊற்றிய நுண்ணுயிர்க் கலவை. அதைப் பார்த்துக்கொள்வது செங்கோடன். ஐம்பது வயது, எடப்பாடிப் பக்கத்து ஆள், சீசன் இல்லாத மாதங்களில் அந்தக் கிருமிகளுக்கு வெல்லமும் சாணமும் கரைத்து ஊற்றி, பெற்ற பிள்ளையைப் போல உயிரோடு வைத்திருப்பவர்.

மூன்றாம் நாள் மாலை, ஆய்வகத்துக்கு டீ கொண்டுவந்த அவரிடம்தான் முதலில் கேட்டாள்.

"அண்ணே, மூணு நாப்பதுக்கு தொட்டியில ஏதாச்சும் மருந்து விடறீங்களா?"

"இல்லீங்க மேடம். ஏன்?"

"புதுசா ஒரு பீக் வருது. மூணு நாளா. அட்ரினலின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பயந்தா உடம்புல ஊறும். அதுவும் இந்த பீனால் வகைதான். அது உடைஞ்சா என்னென்ன வருமோ அத்தனையும் வரிசையா வருது. நம்ம ஆளுங்க யாருக்கும் அந்த அளவு வராது. ஒரு மனுஷன் உயிர் பயத்துல இருந்தாத்தான் அப்படி."

செங்கோடன் டீ கிளாஸை மேசையில் வைக்கப் போனவர் வைக்காமல் நின்றார். "எத்தன மணின்னு சொன்னீங்க?"

"மூணு நாப்பது."

"மிஷின் கோளாறா இருக்குமுங்க," என்றார். கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் எப்போதும் கிளாஸ் காலியாகும்வரை நின்று நாலு கதை பேசிவிட்டுத்தான் போவார்.

வாசுகியும் கோளாறு என்றுதான் நினைத்தாள். குழாயைக் கழுவினாள், வடிகட்டியை மாற்றினாள். பிறகு ஒரு கேள்வி வந்தது. ஏன் மூன்று நாளாக மட்டும்? மூன்று நாளுக்கு முன்னால் என்ன மாறியது?

மாறியது ஒன்றே ஒன்று. பிளாங்க்.

தினமும் காலையில் இயந்திரத்துக்கு முதலில் சுத்தமான தண்ணீரைக் காட்ட வேண்டும். அதற்குப் பிளாங்க் என்று பெயர். அதில் ஏதாவது தெரிந்தால், இது தண்ணீரின் சொந்த அழுக்கு, கணக்கில் வராது என்று இயந்திரம் அந்தப் பெயர்களை நாள் முழுக்க விலக்கி வைத்துவிடும். முறைப்படி ஓசூரிலிருந்து சீல் வைத்த பாட்டில் வர வேண்டும். பாட்டில் ஒழுங்காக வந்ததில்லை. போன வருடம் சீசன் நடுவில் வாசுகி ஒரு சுலப வழி கண்டுபிடித்தாள். ஆலையின் ஆர்.ஓ. தண்ணீர் குழாயைத் திறந்தால் கொட்டுகிறது, அதையே பிடித்து வைத்தாள். அந்த ஆர்.ஓ. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதே தொட்டியில் சுத்தமாகித்தான் வருகிறது. சின்னச் சின்ன பீனால்கள் சவ்வில் நழுவி வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியே மார்க் வாங்கியிருக்கிறாள். ஆனால் கை சோம்பல்பட்டால் படித்தது கூட வராது.

மூன்று நாளாக ஆர்.ஓ.வில் சவ்வு மாற்றுகிறார்கள். அதனால் ஓசூர் பாட்டில். அதனால்தான் தெரிகிறது.

அப்படியென்றால் அந்தப் பயம் மூன்று நாளாக வரவில்லை. வருடம் முழுக்க இருந்திருக்கிறது. எப்போதும் இருந்ததாலேயே இயந்திரம் அதை இல்லை என்று விலக்கியிருக்கிறது. விலக்கச் சொன்னது அவள்.

மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. இந்த மூன்று நாள் போக, ஆய்வகத்து டீ வருடம் முழுக்க ஆர்.ஓ. தண்ணீரில்தான் போடுவது. வாசுகி கிளாஸைத் தொடாமல் தள்ளி வைத்தாள்.

அந்தப் பயத்தோடு ஒரு அச்சும் வந்தது. ராகி, வெற்றிலை, நிறையக் கிராம்பு. பட்டியலில் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எண் நாற்பத்தொன்று, திம்மராயன்.

திம்மராயன் போன வருடம் ஜூன் பத்தொன்பதாம் தேதி ஐந்து பத்துக்கு கார்டு அடித்துவிட்டு வெளியே போனவர். வீட்டுக்குப் போகவில்லை. கோலார் பக்கம் ஒருத்தியோடு போய்விட்டார் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். யார் பார்த்தது என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி மாதம்மாள் இன்னமும் இங்கேதான் பழம் சீவுகிறாள். தினமும் வேலை முடிந்து போகும்போது ஆய்வக ஜன்னலில் முகத்தை வைத்து, "மேடம், நான் வந்தது மிஷின்ல வுழுந்துச்சா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அன்றும் கேட்டாள். வாசுகியால் சிரிக்க முடியவில்லை.

"இன்னா மேடம், மொகம் ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லக்கா. உங்க வீட்டுக்காரர் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சா இப்புடி நிப்பனா?" மாதம்மாள் கழுத்துத் தாலிக்கயிற்றை விரலால் இழுத்துக் காட்டினாள். "போனாரா செத்தாரான்னு ரெண்டுல ஒண்ணு யாராச்சும் சொல்லட்டும். போனாருன்னா வாயார திட்டிட்டு வுட்டுடுவேன். செத்தாருன்னா அழுதுட்டு ஒரு எல போடுவேன். எதுவும் தெரியாம தெனமும் ரெண்டு ஆளுக்குக் களி கிண்டறேன், மேடம். காலையில எடுத்து மாட்டுக்கு வெக்கிறேன்."

மறுநாள் வாசுகி மேலாளர் ரகோத்தமனிடம் போனாள். நல்ல மனிதர் என்று பெயர். குரல் உயர்த்த மாட்டார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே வரிசையில் நின்ற பழ லாரிகளைப் பார்த்தார்.

"தண்ணிக்கு எப்படிம்மா பயம் வரும்?"

"தண்ணிக்கு இல்ல சார், கலவைக்கு. நேத்து எத்தன மணிக்கு என்ன வந்துச்சோ அதை இன்னிக்கும் அதே மணிக்கு எதிர்பார்க்கும். எதிர்பார்க்கும்போது அதே பொருளைக் கொஞ்சம் தானே செஞ்சு ஒத்திகை பார்த்துக்கும். அப்பத்தான் வந்தவுடனே தின்ன முடியும். அதுக்குத்தானே அதை வாங்கினோம்? கை கழுவிட்டுப் போற ஆளு ரெண்டு வாரம் வரலைன்னா மறந்துடும். ஆனா இது..." என்று நிறுத்தினாள். "இது கை கழுவின அளவு இல்ல சார். முழு ஆளு."

ரகோத்தமன் லாரிகளிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

"ஆர்.ஓ. இன்னிக்கு ரெடியாயிடுச்சு," என்றார் மெதுவாக. "நாளையிலேர்ந்து பழைய மாதிரி ஆர்.ஓ. தண்ணியே பிளாங்க் போடுங்க."

"சார்?"

"நீங்க கண்டுபிடிச்ச முறைதானே வாசுகி? ஒரு வருஷமா கையெழுத்து போட்டிருக்கீங்க. நல்ல முறை. நானூறு குடும்பம் இதை நம்பி இருக்கு."

அவர் மிரட்டவே இல்லை. அவருக்கு இது புதுச் செய்தி அல்ல என்பது வாசுகிக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆய்வகத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். போன வருடப் பதிவேட்டில் ஜூன் பத்தொன்பதைப் பிரித்தாள். "15.30 முதல் 16.30 வரை பம்ப் நிறுத்தம். இந்த ஒரு மணி நேர அளவு செல்லாது." அவள் கையெழுத்துதான். பம்ப் நின்றால் அந்த நேரத்து அளவைச் செல்லாது என்று எழுதுவது வழக்கம், செங்கோடன் வந்து சொன்னார், எழுதினாள். ஆனால் செல்லாது என்று மனிதர்கள் எழுதினாலும் இயந்திரம் எதையும் அழிப்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எடுத்து ஓசூர் பாட்டிலை பிளாங்க்காக வைத்துத் திரும்ப ஓடவிட்டாள்.

மூன்று நாற்பதுக்கு நாற்பத்தொன்றின் பயம் செங்குத்தாக ஏறியது. மூன்று ஐம்பத்தொன்றுக்கு நின்றது. மெல்ல ஓயவில்லை, சட்டென்று நின்றது. ஐந்து பத்துக்குக் கார்டு அடித்த ஆள் மூன்று ஐம்பத்தொன்றுக்கே முடிந்துபோயிருந்தார்.

அவள் அந்தத் தாளை அச்செடுத்து மடித்து, தொட்டிப் பக்கம் போனாள். செங்கோடன் வெயிலில் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பம்ப்புல கொட்டை சிக்கிக்கிச்சுங்க மேடம். எடுக்க எறங்கினான். உள்ள வாயு. மேல வரல. ஆம்புலன்ஸ் கூப்புடறேன்னேன், மேனேஜர் போனைப் புடுங்கிட்டாரு. கார்டு நான்தான் அடிச்சேன். சேறு காயப்போடற பாத்தியில..." தொட்டிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "கலவைக்கு வெல்லம் கரைச்சு ஊத்தும்போதெல்லாம் அவனுக்கு ஊத்தற மாதிரியே இருக்குமுங்க."

வாசுகிக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரம் தன் கையெழுத்தும் கண்ணுக்குள் நின்றது. அடிக்கவில்லை.

அன்று ஞாயிறுக்கு முந்தின நாள், அரை ஷிஃப்ட். வாசுகி மாதம்மாளைத் தோப்புப் பக்கமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். தான் ஒரு வருடம் அவரை இல்லை என்று விலக்கியதையும் சொன்னாள். மாதம்மாள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். மாதம்மாள் ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ரொம்ப நேரம் கழித்து, "அவரு எங்கியும் போவல," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாம். சொல்லத்தான் வாசுகி நினைத்திருந்தாள். ஆனால் ஒரு வருடம் பொய் சொன்ன பிறகு இன்னொன்று வாயில் வரவில்லை. தாளை விரித்துக் காட்டினாள்.

"இதுதான் அவர் பயம்க்கா. இங்க ஆரம்பிக்குது. பதினோரு நிமிஷம்."

மாதம்மாள் கோட்டின் மேல் விரலை வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள். ஆனால் மலை ஏறி இறங்குவதை எல்லோரும் படிப்பார்கள். விரல் உச்சிக்கு ஏறி, அங்கே தயங்கி, கொஞ்சம் கீழே சறுக்கியது.

"இங்க ஏன் மேடம் எறங்குது?"

வாசுகி குனிந்து பார்த்தாள். மூன்று நாற்பத்துநான்கு. பயம் பாதியாகக் குறைந்திருந்தது. அவள் அதைக் கவனித்திருந்தாள், மயக்கம் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"மயக்கம் வந்திருக்கும்க்கா."

"மயக்கத்துல இல்ல." மாதம்மாள் தலையை ஆட்டினாள். "இருட்டுன்னா அவருக்கு ஆவாது. கரண்டு போனா நான் கையப் புடிச்சாத்தான் மூச்சு வுடுவாரு. இது அந்த மாதிரி. யாரோ கையப் புடிச்சிருக்காங்க."

வாசுகி நேராக ஆய்வகத்துக்குத் திரும்பி அந்தக் கோட்டை மறுபடி திரையில் போட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் மாம்பழத்தைத் தள்ளினாள். நாற்பத்தொன்றைத் தள்ளினாள். ஷிஃப்டின் மற்ற அறுபத்துமூன்று அச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். திரை வெறுமையாக வேண்டும்.

வெறுமையாகவில்லை. மூன்று நாற்பத்துநான்குக்கு ஒரு அச்சு உள்ளே வந்தது. எண் இல்லாதது. அதில் ராகி இல்லை, இந்தப் பக்கத்து ஆள் இல்லை. அரிசி, கடுகெண்ணெய். அந்த அச்சிலும் பயம் இருந்தது. ஏற ஏறக் குறையாத பயம், நான்கு இரண்டு வரைக்கும்.

செங்கோடனிடம் இரண்டாவது தாளைக் காட்டியபோது அவர் அதை வாங்கிப் பார்க்காமலே மடித்தார்.

"கான்ட்ராக்டர் கூட்டியாந்த வடக்கத்தி ஆளுங்க. கொட்டை அள்ள வந்தவன். பேரு தெரியாது. நாங்க வேணாம் வேணாம்னு கத்தறோம், அவன் பாட்டுக்கு இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு எறங்கிட்டான். இழுத்தோம், கயிறு அறுந்துபோச்சுங்க. யாரும் வந்து கேக்கலீங்க மேடம். ஒரு வருஷமா அவனைப் பத்தி யாருமே வந்து கேக்கல."

திங்கட்கிழமை வாசுகி இரண்டு தாள்களையும் தன் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். அப்புறம் நடந்தது எல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் நடப்பதுதான். ஜீப்புகள் வந்தன. சேற்றுப் பாத்தியைத் தோண்டினார்கள், இரண்டு பேர் இருந்தார்கள். ரகோத்தமனைக் கூட்டிப்போனார்கள், செங்கோடன் தானாகவே ஏறி உட்கார்ந்தார். வாசுகியின் வேலை போயிற்று. கான்ட்ராக்டரின் நோட்டில் அந்த இரண்டாவது மனிதனுக்கு நேராக "நாலாவது ஆள்" என்று எழுதியிருந்தது. மற்ற மூன்று பேரும் எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

தொட்டியில் குளோரின் கொட்டிக் கலவையைக் கொல்ல உத்தரவு வந்தது. இயந்திரத்தை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் வாசுகியையே கூப்பிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு என்று அதிகாரி நேரம் குறித்திருந்தார். மாதம்மாளும் வந்திருந்தாள். கழுத்தில் கயிறு இல்லை.

"நாலு மணிக்கு வேணாம் மேடம்," என்றாள். "மூணரைக்கே போட்டுடுங்க. இன்னிக்கு ஒரு நாளாச்சும் அவங்க பயப்பட வேணாம்."

அதிகாரிக்கு எது ஆனாலும் ஒன்றுதான், சரி என்றார். மூன்றரைக்குக் கொட்டினார்கள். வாசுகியும் மாதம்மாளும் திரைக்கு முன்னால் நின்றார்கள். மூன்று நாற்பது வந்தது, போயிற்று. மூன்று நாற்பத்துநான்கு வந்தது, போயிற்று. கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. வெளியே குளோரின் நெடி கண்ணை எரித்தது. அதனால் யார் எதற்கு அழுகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்கு எல போடறேன்," என்றாள் மாதம்மாள். "ரெண்டு எல. எங்காளுக்கு இன்னா வெக்கணும்னு தெரியும். அவருக்கு இன்னா புடிக்கும் மேடம்?"

அந்த மனிதனின் பெயர் யாருக்கும் தெரியாது, ஊர் தெரியாது, பெற்றவர்கள் காத்திருக்கிறார்களா என்பதும் தெரியாது. அவனைப் பற்றி உலகத்தில் தெரிந்ததெல்லாம் வாசுகியின் கையில் இருந்த ஒரு தாள்தான்.

"சோறுக்கா. கடுகெண்ணெய்ல வதக்கின ஏதோ ஒண்ணு."

"கடுகெண்ண பஜார்ல கெடைக்குமா?"

"கிடைக்கும்."

"வேற?"

வாசுகி தாளைப் பார்த்தாள். கடைசியில் ஒரு சின்ன பீக் இருந்தது. பல தடவை பார்த்தும் என்னவென்று யோசிக்காமல் விட்டது.

"வெத்தலை," என்றாள். "அன்னிக்கு மத்தியானம் போட்டிருக்கார். கிராம்பு வெச்சு. உங்க வீட்டுக்காரர் அச்சுல இருக்கற அதே வெத்தலை, அதே கிராம்பு. ஒரே வெத்தலைப் பையிலேர்ந்து எடுத்தது."

மாதம்மாள் அந்தச் சின்னக் கூம்பின் மேல் விரலை வைத்தாள்.

"அந்தப் பையில கைய வுட்டா எனக்கே அடி வுழும்," என்றாள் கடைசியில். "கூடப் பொறந்த தம்பிக்குக் கூட ஒரு வெத்தல குடுத்தவரில்ல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடுகெண்ணெய் வாங்க பஜாருக்குக் கிளம்பினாள்.